ஸ்கேனர் வந்த பிறகு சிவில் டிப்ளமோ எதற்கு?

ஐயா, பத்தாவது முடித்த மகனுக்கு சிவில் டிப்ளமோ எதற்கு, மூன்று மாத 3டி கோர்ஸ் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். டிப்ளமோவில் சேருங்கள். கோர்ஸ் பிறகு.

உங்கள் பக்கத்து வேலையை வைத்தே சொல்கிறேன். கானாடுகாத்தானில் பழைய வீட்டைப் பழுதுபார்க்க முதலில் வரைபடம் வேண்டும். முற்றத்தில் ஸ்கேனரை (சுற்றியுள்ளதை லேசரால் அளந்து 3டி படமாக்கும் கருவி) நிறுத்தினால் சில நிமிடங்களில் லட்சக்கணக்கான புள்ளிகள் விழும். ஆனால் முற்றத்தைச் சுற்றிய வளவில் மாட்டிய பெல்ஜியம் கண்ணாடி லேசரைத் திருப்பி அடிக்கும். திரையில் கண்ணாடிக்குப் பின்னால் இல்லாத அறை ஒன்று முளைத்திருக்கும். பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருப்பதையும் ஸ்கேனர் சொல்லாது. விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்கத் தெரிய வேண்டும்.

கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியில் வேறு வம்பு. பிரிசம் கான்ஸ்டன்ட், அதாவது எதிரே நிறுத்தும் பிரதிபலிப்பானுக்கான தூரத் திருத்தம், -30 மி.மீ. போட வேண்டிய இடத்தில் 0 என்று விட்டுவிட்டால், 5 மீட்டரோ 50 மீட்டரோ, ஒவ்வொரு தூரமும் 30 மி.மீ. கூடி வரும். கோணம் கெடாது, அதனால் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் படம் ஒழுங்காகவே தெரியும். ஆசாரி நிலைக்கதவோடு வந்து நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒரே நேர்கோட்டில் அ, ஆ, இ என்று மூன்று புள்ளி வைத்து, அ-விலிருந்து ஆ, இ தூரங்களையும், ஆ-விலிருந்து இ தூரத்தையும் எடுக்கட்டும். துண்டுகளின் கூட்டல் முழுத் தூரத்தைவிட எவ்வளவு அதிகமோ அதுதான் பிழை. டேப்கூட வேண்டாம்.

இப்போதே வீட்டில் ஓர் அறையை ஸ்டீல் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கம் போதாது, இரண்டு மூலைவிட்டமும் வேண்டும். எதிர்ப்பக்கங்கள் ஒத்து, மூலைவிட்டங்கள் ஒவ்வாவிட்டால் அறை கோணல். பழைய வீடுகளில் இது சகஜம். கணினியில் உட்கார்ந்து எல்லா மூலைக்கும் 90 டிகிரி போடுகிறவன் இதை மறைத்துவிடுவான். அந்தப் படத்தை நம்பி ஆத்தங்குடித் தரைக்கல் பதித்தால், கடைசி வரிசையை ஆப்பு மாதிரி வெட்ட வேண்டிவரும். பூ பார்டர் ஒரு பக்கம் ஒடுங்கிப்போகும்.

எந்தப் பாலிடெக்னிக் ஆனாலும் சேர்க்கும் முன் சர்வே லேபைப் பாருங்கள். ஒரு டோட்டல் ஸ்டேஷனுக்கு எத்தனை மாணவர், சர்வே கேம்ப் (களத்தில் அளந்து பழகும் முகாம்) உண்மையில் நடக்கிறதா என்று கேளுங்கள். உயர வித்தியாசம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியின் பெட்டியில் தூசி படிந்திருந்தால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

3டி கோர்ஸை இரண்டாம் ஆண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். டிப்ளமோ முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி உண்டு. காரைக்குடியிலேயே 1952-ல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியில் சிவில் இருக்கிறது.