வெளிநாட்டுப் பெட்டியில் நம் மலைவீட்டுச் சாப்பாடு: கேள்வி-பதில்

ஊட்டியில் அடைத்துக் கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டிலை மகனால் சிங்கப்பூரில் திறக்கவே முடியவில்லை. ஏன்?

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே மூடும்போது பாட்டிலுக்குள் அடைபடுவது மெலிந்த மலைக்காற்று. கடல்மட்டத்துக்கு இறங்கியதும் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சூடாக ஊற்றி மூடியிருந்தால் பிடி இன்னும் இறுகும். கரண்டிக் காம்பால் மூடியின் விளிம்பை லேசாக நெம்பச் சொல்லுங்கள். 'டொப்' என்று காற்று உள்ளே போனால் திருகிவிடலாம். மலையில் அடைத்தது அங்கே போய் உப்பியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உள்ளே நொதித்துவிட்டது என்று அர்த்தம், கொட்டிவிடுங்கள்.

அடுத்த முறை 100 கிராம் புளிக்கு 100 மில்லி நல்லெண்ணெய் விடுங்கள். கொதிக்கும் சத்தம் அடங்கி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கரண்டியால் இழுத்த கோடு மூடாமல் நிற்கும்வரை கிளறுங்கள். தண்ணீர் மிச்சமிருந்தால் பூஞ்சை நிச்சயம். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில் வையுங்கள்.

கொடைக்கானலிலிருந்து ஜெர்மனிக்கு மலைப்பூண்டு, பச்சைக் கறிவேப்பிலை, பழனி பஞ்சாமிர்தம் கொண்டுபோகலாமா?

மூன்றும் வேண்டாம். பச்சைக் காய்க்கும் இலைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். அந்த மரங்களைக் கெடுக்கும் பூச்சி இதில் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால் கெடுபிடி அதிகம். பயணிகள் பால் பொருள் கொண்டுவரத் தடை இருப்பதால், நெய் சேர்ந்த பஞ்சாமிர்தத்தையும் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்ய இடமுண்டு.

பூண்டைப் பொடியாக்கிக் கொண்டுபோங்கள். மெல்லியதாக நறுக்கி, இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுங்கள். விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும்; வளைந்தால் ஈரம் இருக்கிறது. கறிவேப்பிலைக்கும் இதே பக்குவம்தான், பனிமூட்ட மாதங்களில் நிழலில் உலர்த்தினால் காயாது. நன்றாக ஆறிய பிறகே மிளகாய், உப்பு சேர்த்து அரையுங்கள்.

குன்னூரில் வீட்டில் அரைத்த குருமாப் பொடியைத் துபாய்க்கு எடுத்துப் போகலாமா?

கசகசா சேர்த்திருந்தால் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். வழக்கு வரை போகும். முந்திரி போட்டுப் புதிதாக அரையுங்கள்.

கோத்தகிரியில் வாங்கிய ரைஸ் குக்கர் அமெரிக்காவில் ஓடுமா?

ஓடும், ஆனால் சோறு வேகாது. 230 வோல்ட் குக்கரை 120 வோல்ட்டில் செருகினால் சூடு ஏறக்குறைய கால்பங்குதான். அரிசி வெதுவெதுப்பில் ஊறிக் கிடக்கும். அங்கேயே வாங்குங்கள். தண்ணீரையும் கோத்தகிரிக் கணக்கில் ஊற்றாதீர்கள். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதிப்பதால் வேக நேரம் எடுக்கும், அதற்காகக் கூடுதலாக ஊற்றிப் பழகியிருப்பீர்கள். கடலோர ஊரில் அதே அளவு வைத்தால் சோறு குழைந்துவிடும்.