எத்தனை யூசர் வாங்குவது? – நுகர்வோர் கேள்வி பதில்

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உரமும் விதைநெல்லும் விற்கிறது. இயக்குநர்கள் பத்துப் பேர். முதன்மைச் செயல் அலுவலர், கணக்காளர், கடையில் இரண்டு பேர், இவர்கள் போக ஆடிட்டர். இப்போதைக்கு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. சம்பா வேலை தொடங்கும் முன் புது பில்லிங் மென்பொருள் வாங்கப் பார்க்கிறோம். தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுச் சந்தா சொல்கிறார் விற்பனையாளர். இயக்குநர் ஒவ்வொருவருக்கும் லாகின் வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். 15 யூசர் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் உட்கார்ந்து பில் போடப் போகிறார்கள்? கணக்கில் எழுதுகிறவர்களை எண்ணுங்கள், பார்க்கிறவர்களை விட்டுவிடுங்கள். உங்கள் இடத்தில் எழுதுகிறவர்கள் நான்கு பேர்தான்.

இயக்குநருக்குக் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும் உரிமை கம்பெனிகள் சட்டத்தின் 128ஆம் பிரிவிலேயே இருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பார்க்கும் உரிமை வேறு, திருத்தும் வசதி வேறு. மாதாமாதம் இருப்புப் பட்டியல், கடன் பாக்கி, வங்கி இருப்பு மூன்றையும் பிடிஎஃப் ஆக எடுத்துக் இயக்குநர் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் போதாது என்றால், பார்வைக்கு மட்டுமான லாகின் கட்டணமில்லாமல் தருவார்களா, ஆடிட்டருக்குத் தனி அனுமதி உண்டா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பல விற்பனையாளர்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

யூசரும் லைசென்சும் ஒன்றல்ல என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டேலி என்ற கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சில்வர் லைசென்ஸ் என்றால் ஒரு நேரத்தில் ஒரு கணினி, கோல்டு என்றால் ஒரே நெட்வொர்க்கில் பல கணினிகள். ஆனால் சில்வரிலும் கணக்காளருக்கு ஒரு பெயர், கடைக்காரருக்கு ஒரு பெயர் என்று எத்தனை யூசர் வேண்டுமானாலும் உருவாக்கலாம். ஒரே கணினியில் மாறி மாறி வேலை பார்க்கும் கடைக்கு அது போதும். தலைக்கு இவ்வளவு என்பது பெரும்பாலும் இணையவழி மென்பொருட்களின் கணக்கு. அங்கேயும் ஆள் மாறினால் அந்த இடத்தைப் புதியவருக்குத் தரலாமா, இல்லை மறுபடி பணமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பது பத்தாயத்துச் சாவியை வாசல் ஆணியில் மாட்டி வைப்பதுதான். நெல் குறைந்தால் யாரைக் கேட்பீர்கள்? சட்டப்படியும் சிக்கல் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், மென்பொருளில் கணக்கு வைக்கும் எந்தக் கம்பெனியும், ஒவ்வொரு பதிவிலும் நடந்த மாற்றத்தைத் தேதியோடு காட்டுகிற, யாராலும் நிறுத்த முடியாத தடப்பதிவு உள்ள மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனமும் கம்பெனிதான். ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தடப்பதிவு இருந்தும் ஐந்து பேர் ஒரே பெயரில் நுழைந்தால், யூரியா மூட்டைக் கணக்கை மாற்றியது யார் என்று அது சொல்லாது.

அப்புறம் யாருக்கு எதைத் திறப்பது? கடையில் இருப்பவருக்கு பில் போடவும் இருப்பு பார்க்கவும் போதும். பில்லை அழிப்பது, தள்ளுபடி மாற்றுவது, கொள்முதல் விலை பார்ப்பது எதுவும் வேண்டாம். கணக்காளர் எல்லாப் பதிவும் போடலாம், ஆனால் பின்தேதியிட்டுப் போட வரம்பு வையுங்கள். எத்தனை நாள் பின்னால் போகலாம் என்று டேலியிலேயே அமைக்கலாம். பில் ரத்து என்றால் செயல் அலுவலர் ஒப்புதல். உரத்துக்கு, விற்பனையைப் பதியும் பிஓஎஸ் கருவியில் ஓர் இருப்பு, மென்பொருளில் ஓர் இருப்பு என்று இரண்டு ஓடும். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் இந்தக் கட்டுப்பாடுகளின் அருமை தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் அட்மின் கணக்கு. மென்பொருளை நிறுவ வருகிறவர் தன் ஜிமெயிலையே போட்டுவிட்டுப் போவது நம் ஊரில் சர்வ சாதாரணம். செயல் அலுவலரின் சொந்த மின்னஞ்சலும் கூடாது, அவர் நாளை வேறு வேலைக்குப் போகலாம். நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல், நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு சிம். அட்மின் அதிகாரம் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை. கடைக்காரர் லாகினில் நுழைந்து நேற்றைய பில்லை அழித்துக் காட்டுங்கள் என்று விற்பனையாளரிடம் சொல்லுங்கள். அழிந்தால் அந்த மென்பொருள் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: அண்ணன் சிங்கப்பூரில், நான் கும்பகோணத்தில். பூர்வீக நிலத்தின் வரவு செலவை கூகுள் ஷீட்டில் வைத்திருக்கிறோம். குத்தகைக்காரர் தன் கணக்கை மட்டும் பார்க்க வேண்டும் என்கிறார். மற்ற பக்கங்களை மறைத்துவிட்டு லிங்க் அனுப்பினால் போதுமா?

பதில்: போதாது. ஷீட்டில் பக்கத்தை மறைப்பதும் பூட்டுவதும் தவறுதலாகக் கை படாமல் இருக்கத்தான், ரகசியத்துக்கு அல்ல என்று கூகுளே சொல்கிறது. கோப்பை நகலெடுத்தால் மறைத்ததும் கூடவே போகும். குத்தகைக்காரருக்குத் தனிக் கோப்பு போடுங்கள். 'இம்போர்ட்ரேஞ்ச்' சூத்திரம் வைத்தால் அவர் பகுதி மட்டும் அதில் தானாக வந்துவிடும். அவருக்குப் பார்வை அனுமதி மட்டும் கொடுங்கள். திருத்தும் அனுமதி கொடுத்தால், அதே சூத்திரத்தை மாற்றி உங்கள் மூலக் கோப்பின் மற்ற பக்கங்களையும் இழுத்துப் பார்க்க முடியும்.

லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பு வேண்டவே வேண்டாம், அவர் மின்னஞ்சலைப் போட்டு அனுப்புங்கள். இன்னொன்று: திருத்தும் அனுமதி உள்ளவர் வேறு யாரையும் சேர்க்கவும் முடியும். பகிர்வு அமைப்பில் அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள். யாராவது வரியை அழித்துவிட்டால் பழைய பதிப்புகளில் போய் மீட்கலாம், அதற்காக அண்ணனோடு சண்டை வேண்டாம்.

கேள்வி: மயிலாடுதுறையில் நானே நின்று நடத்தும் சின்ன ஹார்டுவேர் கடை. பழைய கணக்குப்பிள்ளை நின்றுவிட்டார். அட்மின் பாஸ்வேர்டு அவரிடமும் மென்பொருள் போட்டுத் தந்த டீலரிடமும்தான் இருக்கிறது. மாற்றித் தர டீலர் தனியாகப் பணம் கேட்கிறார். புகார் செய்யலாமா?

பதில்: செய்யலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார் என்றாலும், பிழைப்புக்காகத் தானே தொழில் நடத்துபவருக்கு விலக்கு உண்டு. முதலில் பில்லை எடுத்து, லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டீலரை விட்டுவிட்டு மென்பொருள் நிறுவனத்துக்கே லைசென்ஸ் எண்ணோடு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் இதையெல்லாம் தொடங்கும் முன், இன்றைக்கே ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அங்கே பதிவாகியிருப்பது கணக்குப்பிள்ளையின் மொபைலும் மின்னஞ்சலும் என்றால் ஓடிபி அவருக்குத்தான் போகும். அப்படியிருந்தால் உங்கள் எல்லைக்குரிய வரி அலுவலரிடம் அடையாள ஆவணங்களோடு விண்ணப்பம் கொடுத்து இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.