அத்தைக்கு மட்டும் தனிப்பானையா?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். கணவர், இரண்டு பிள்ளைகள், 71 வயது அத்தை (கணவரின் அம்மா), நான். இரண்டு வருடமாக அரிசி, எண்ணெய், காய்கறி எல்லாம் ஆர்கானிக்தான். முன்பு 7,000 ரூபாயில் முடிந்த மளிகை இப்போது 12,000 ஆகிறது (பில் இணைத்திருக்கிறேன்). கணவர் கேலி செய்கிறார், பாதி நாள் புரோட்டா கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். நாத்தனாருக்கும் அபார்ட்மென்ட் ஆட்களுக்கும் வீடியோ அனுப்பிப் பார்த்தேன், ஒருவரும் அசையவில்லை. அத்தை திருவாரூர் பக்கம். "சிவப்பரிசியெல்லாம் கூலிக்குப் போன காலத்தில் தின்றது" என்பார். இந்த வயசுக்கு மேல் அவருக்கு மாற்றி என்ன ஆகப்போகிறது, கட்டுப்படியும் ஆகாது என்று அவருக்கு மட்டும் மாதம் ஐந்து கிலோ கடை அரிசி வாங்கித் தனியாக வடித்துவிடுகிறேன். மற்றவர்களை எப்படி மாற்றுவது?

— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: "வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்" என்று மாதத்துக்கு நாலு கடிதமாவது வருகிறது. உங்களுடையதையும் அந்தக் கடிதக் கட்டோடுதான் வைத்திருப்பேன். போகிற போக்கில் அந்த ஐந்து கிலோவைப் பற்றி எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில்.

கடை அரிசியில் பூச்சி மருந்து இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆகாது என்று இரண்டு வருடமாகச் சொல்கிறீர்கள். அதே அரிசியை அதே அடுப்பில் வடித்து, வீட்டில் மூத்தவர் தட்டில் போடுகிறீர்கள். உங்கள் கணவர் தினமும் பார்ப்பது இதைத்தான். நீங்கள் சொல்வது நிஜமென்றால் அவரைப் பெற்றவளுக்கு மருந்துச் சோறு. நிஜமில்லை என்றால் மாதம் 5,000 ரூபாய் தண்டம். இதில் எதை அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள்? அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் வாய் திறக்கத் தெரியாத மனிதர், புரோட்டா கடைக்குப் போகிறார்.

அத்தை வேண்டாம் என்றது ஒரு விஷயம். அவர் வயசைச் சொல்லி நீங்கள் கழித்துவிட்டது வேறு விஷயம். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதி, முதலாவதன் முதுகுக்குப் பின்னால் இரண்டாவதை ஒளித்துவிட்டீர்கள். மூத்தவருக்குப் போட்டுவிட்டு மீதியை மற்றவர்கள் சாப்பிடுவதுதான் வீடு. இதில் எனக்கு விட்டுக்கொடுத்துப் பேச வராது.

கட்டுப்படி ஆகாதா? உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். அத்தையின் அரிசிக்கும் உங்கள் அரிசிக்கும் கிலோவுக்கு 60 ரூபாய் வித்தியாசம். ஐந்து கிலோவுக்கு 300. அதே பில்லில் "ஆர்கானிக் இந்துப்பு", "ஆர்கானிக் தினை நூடுல்ஸ்", "ஆர்கானிக் ஓட்ஸ் பிஸ்கட்" மூன்றும் சேர்ந்து 870 ரூபாய். உப்புக்கு யாரம்மா யூரியா போடுகிறார்கள்? பூமிக்குள்ளிருந்து வெட்டி எடுக்கும் கல் அது. விவசாயமே இல்லாத பண்டத்துக்கு இயற்கை விவசாயம் என்று பேர் வைத்து விற்கிறார்கள், நீங்களும் வாங்குகிறீர்கள். அயோடின் சேர்க்காத பாக்கெட்டாக இருந்தால் பிள்ளைகளுக்கு அதுவும் நஷ்டம். பிஸ்கட் எந்த மாவில் செய்தாலும் பிஸ்கட்தான்.

இன்னொரு குழப்பமும் பில்லில் தெரிகிறது. மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, மாப்பிள்ளைச் சம்பா சிவப்பரிசி எல்லாவற்றையும் ஆர்கானிக் என்ற தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள். மரச்செக்கு என்பது ஆட்டுகிற முறை, அவ்வளவுதான். கடலைக்கு என்ன அடித்தார்கள் என்று செக்குக்குத் தெரியாது. பாரம்பரிய நெல்லும் அப்படித்தான், உரம் போட்டும் விளைவிக்கலாம். ஆனால் மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நெட்டை ரகத்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் தண்டு தாங்காது, கதிர் பிடிக்கிற நேரத்தில் சாய்ந்துவிடும். அந்தப் பயத்தில் போடுகிறவர்களும் கையை அடக்கித்தான் போடுவார்கள். இயற்கை விவசாயத்துக்கு அது பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் அளவாக இருக்கிற வீட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது அவசியமுமில்லை. மருந்து அதிகம் விழுகிற காயை முதலில் மாற்றுங்கள். கத்தரியில் காய்ப்புழு உள்ளே போய்விட்டால் மேலே அடிக்கிற மருந்து எட்டாது. அது உள்ளே போவதற்குள் அடிக்க வேண்டும் என்று அடித்துக்கொண்டே இருப்பார்கள். கத்தரி, வெண்டை எல்லாம் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பறிக்கிற காய். மருந்து அடித்தபின் பறிக்காமல் காத்திருக்க வேண்டிய நாள்வரை காத்திருந்தால் வெண்டை முற்றிப்போகும், எனவே காத்திருப்பதில்லை. காலிஃபிளவர், பச்சை மிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலை, கீரை, திராட்சை இவையும் இந்த வரிசைதான். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் மேலே படிந்தது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவிப் பாய்கிற மருந்து கழுவி வராது. தேங்காய், வாழைப்பழம், சேனை, வெங்காயம் எல்லாம் தோலை நீக்கித் தின்பவை. அவற்றைப் பக்கத்துக் கடையிலேயே வாங்குங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். கறிவேப்பிலைக்குப் பால்கனியில் ஒரு தொட்டி போதும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்கு, வாரம் ஒரு நாள் புளித்த மோரில் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

யாரிடம் வாங்குவது என்பதில்தான் ஏமாறுகிறார்கள். பாக்கெட்டில் வருவது என்றால் 'ஜைவிக் பாரத்' மாதிரி அரசின் ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விவசாயிகள் குழுவாகத் தருகிற சான்றில் 'பி.ஜி.எஸ். கிரீன்' என்று போட்டிருந்தால் நிலம் இன்னும் இயற்கை விவசாயத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சான்று வாங்க நெல், காய்கறி மாதிரிப் பயிருக்கு இரண்டு வருடம், தென்னை, மா மாதிரி மரத்துக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். சிறு விவசாயி தன் விளைச்சலை நேரடியாக விற்றால் சான்று கட்டாயமில்லை, ஆகவே முத்திரை இல்லாதவர் எல்லாம் திருடரும் இல்லை. அவரிடம் பேச்சுக் கொடுங்கள். "கத்தரிக்குக் காய்ப்புழு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். வாடின நுனியைக் கிள்ளி எரிப்போம், இனக்கவர்ச்சிப் பொறி கட்டுவோம், வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்போம், அப்படியும் பத்துக் காயில் ரெண்டு சொத்தை போகும் என்று அலுத்துக்கொண்டால் வாங்குங்கள். எங்கள் தோட்டத்தில் புழுவே வராது என்று சிரித்தால் பையை மடித்துக்கொண்டு வாருங்கள். பஞ்சகவ்யம் தெளிக்கிற டேங்குக்கு எவ்வளவு என்றும் கேட்கலாம். பத்து லிட்டருக்கு முந்நூறு மில்லி என்று யோசிக்காமல் வந்தால் அது அடித்துப் பழகிய வாய்.

இப்போது அத்தைக்கு வருகிறேன். "கூலிக்குப் போன காலத்தில் தின்றது" என்று அவர் சொன்னதை முகச்சுளிப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். அவர் வளர்ந்த 1960களில், பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் குறுவைப் பருவத்துக்கு ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் வந்து, மூட்டை உரம் வந்து, பஞ்சத்துக்குப் பயந்த ஊரில் களம் நிறைந்தது. வெள்ளைச் சோறு என்பது அந்த வீடுகளில் தலைநிமிர்ந்த கதை. அவர் தட்டில் சிவப்புச் சோற்றை வைத்து ஆரோக்கியம் என்றால், பழைய இடத்துக்கே போ என்று தள்ளுகிற மாதிரிதான் அவருக்குக் கேட்கும். இரண்டு வருடத்தில் இதை ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்டீர்களா? நாத்தனாருக்கு வீடியோ அனுப்ப நேரம் இருந்திருக்கிறது. உரத்துக்கு முன்னாலும் பின்னாலும் வயலில் நின்றவர் உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்குச் சிவப்பரிசி வேண்டாம். தூயமல்லி வாங்குங்கள். அதுவும் பாரம்பரிய ரகம்தான், சோறு வெள்ளையாக, மெலிசாக இருக்கும். தவிடு முழுக்கப் போகாமல் ஒரு தீட்டு மட்டும் தீட்டியதாகக் கேளுங்கள். தை அறுவடை முடிந்த கையோடு வருகிற புது அரிசி குழையும், ஆறு மாதம் பழகியது நல்லது. ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், குக்கரில் நாலைந்து விசில். பல்செட் போட்டவராக இருந்தால் இன்னொரு அரைப் பங்கு தண்ணீர் சேர்த்துக் குழைய விடுங்கள். தவிடு இருக்கிற அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் பிடிக்கும். மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள், டப்பாவில் நாலு வசம்புத் துண்டு போட்டுவையுங்கள். அத்தைக்குச் சர்க்கரை இருந்தால், எந்த அரிசியானாலும் அளவு அளவுதான். மாப்பிள்ளைச் சம்பா சர்க்கரையை விரட்டும் என்கிறவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மாப்பிள்ளைச் சம்பாவை மாவில் சேருங்கள். இட்லி அரிசி மூன்று, மாப்பிள்ளைச் சம்பா ஒன்று, முழு உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு ஸ்பூன். சம்பாவைத் தனியாக எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தனியாக ஆட்டுங்கள். மற்றதோடு சேர்த்துப் போட்டால் அது அரைபடாமல் மணல் மாதிரி நறநறக்கும், பிள்ளைகள் இட்லியையே வெறுத்துவிடும். உங்கள் வீட்டில் முதல் மாதம் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வீடியோ அனுப்புவதை நிறுத்துங்கள். நாத்தனார் தன் அம்மாவைப் பார்க்க வருவார் அல்லவா, அன்றைக்கு அம்மா தட்டில் இருப்பதைத்தான் அவரும் பார்ப்பார்.

டப்பாவில் மீதி இருக்கிற கடை அரிசியைக் கொட்டாதீர்கள். முதல் வாரம் அதில் மூன்று பங்கும் தூயமல்லி ஒரு பங்கும், அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. எல்லாருக்கும் சேர்த்து, ஒரே பானையில் வடியுங்கள். முதல் கரண்டி அத்தைக்கு.