15 வயசு டிஃபெண்டர் பையனுக்கு படிப்பா ஃபுட்பாலா: ஜெர்மனில ஹானோவர்ல இருக்குற ஒரு அம்மாவுக்கு

அக்கா, நீங்க அனுப்புனத முழுசா படிச்சேன். பையனுக்கு 15 வயசு, சென்டர் பேக் (கோலுக்கு முன்னாடி நடுவுல நிக்கிற டிஃபெண்டர்) ஆடுறான், ஒரே வருஷத்துல மடமடன்னு உயரம் ஏறிட்டான், முட்டி வலின்னு பாதி சீசன் வெளிய உக்காந்துட்டான், கோச் வேற ஸ்பீடு பத்தாதுன்னு சொல்லிட்டாரு, இவ்வளவுக்கும் நடுவுல கிம்னாசியும் (யுனிவர்சிட்டிக்குப் போற வழியான ஜெர்மன் ஸ்கூல்) வேணாம் ஃபுட்பால் மட்டும் போதும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். இவன் ப்ரொஃபஷனல் ஆவானா மாட்டானா, உண்மையச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. 15 வயசுல அதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது அக்கா. கண்டிப்பா ஆவான்னு சொல்ற ஏஜென்ட்டையும் நம்பாதீங்க, கண்டிப்பா ஆக மாட்டான்னு சொல்ற சொந்தக்காரங்களையும் நம்பாதீங்க. ரெண்டுல எது நடந்தாலும் பையன் நல்லா இருக்குற மாதிரி அடுத்த மூணு வருஷத்த எப்படி அமைக்கிறதுன்னு மட்டும் பாக்கலாம்.

நீங்க இருக்குறது ஹானோவர்ங்குறதால அந்த ஊர் ஆளையே எடுத்துக்கலாம். பெர் மெர்டசாக்கர், ஜெர்மனிக்கு ஆடுன சென்டர் பேக். உங்க பையனுக்கு கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். 1984ல ஹானோவர்ல பொறந்து பக்கத்துல பட்டென்சென்ல ஊர் கிளப்புல ஆட ஆரம்பிச்சு 1995ல ஹானோவர் 96 யூத் டீமுக்கு வந்தவரு, அவங்க அப்பாவே யூத் கோச்சா இருந்தவரு. டீனேஜ்ல இவருக்கும் உயரம் வேகமா ஏறி முட்டில பிரச்சனை வந்து ரொம்ப நாள் ஆடவே முடியாம போச்சு. கடைசில 1.98 மீட்டர் உயரத்துல நின்னாரு, வேகம் குறைவுன்ற பேச்சு ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவர விடல. ஆனா ஸ்கூல விடல, அபிட்டூர் (கிம்னாசியும் கடைசிப் பரீட்சை) முடிச்சாரு. 2003 நவம்பர்ல, 19 வயசுல, கொலோனுக்கு எதிரா முதல் புந்தஸ்லிகா (ஜெர்மனியோட முதல் டிவிஷன் லீக்) மேட்ச், அடுத்த வருஷம் அக்டோபர்லயே தெஹ்ரான்ல ஈரானுக்கு எதிரா ஜெர்மனி ஜெர்சி. 15, 16 வயசுல முட்டி வலியோட உக்காந்திருந்த பையன பாத்து இவன் 104 இன்டர்நேஷனல் மேட்ச் ஆடுவான், வேர்ல்ட் கப் தூக்குவான்னு யாரு சொல்லியிருப்பா?

இத சொல்றது உங்க பையனும் அப்படியே ஆயிடுவான்னு ஆசை காட்ட இல்ல. சென்டர் பேக்கோட வேலை காலவிட கண்ணுல தான் அதிகம், பந்து எங்க வரப்போகுதுன்னு முன்னாடியே படிச்சு அங்க போயி நிக்கணும், அது ஆட ஆட வயசாக ஆக வர்ற விஷயம். வேகமா ஓடுற ஸ்ட்ரைக்கர துரத்திப் பிடிக்கிற நிலைமைக்கே போகாம பாத்துக்குறது தான் மெர்டசாக்கரோட ஸ்டைல், அதனால ஃபவுல் பண்ற தேவையும் அவருக்கு கம்மியாவே இருந்துச்சு. அதனால 15 வயசுல ஸ்பீடு பத்தாதுன்னு ஒரு கோச் சொன்னத தீர்ப்பா எடுத்துக்காதீங்க, பாதி வளந்த உடம்ப பாத்து அவரு சொல்றாரு. உயரமா இருந்தா தான் டிஃபெண்டர்னும் இல்ல, ஜெர்மனி டிஃபெண்டர் ஃபிலிப் லாம் 1.70 மீட்டர் தான், பயர்ன் மியூனிக் கிளப்புல இடம் கிடைக்காம 2003ல இருந்து 2 வருஷம் லோன்ல ஸ்டுட்கார்ட் போயி அங்க தான் பேர் வாங்குனாரு. இன்னொரு ஜெர்மனி டிஃபெண்டர் ராபின் கோசென்ஸ் இன்னும் ஆச்சரியம், 18 வயசு வரைக்கும் ரேடேங்குற சின்ன ஊர் கிளப்புல தான் ஆடிட்டு இருந்தாரு, டார்ட்மண்ட் கிளப் ட்ரையல்ல எடுக்கல, அப்புறம் நெதர்லாந்து வழியா இத்தாலி போயி 26 வயசுல தான் ஜெர்மனிக்கு முதல் மேட்ச், அதுக்கு நடுவுல தபால் வழியில சைக்காலஜி வேற படிச்சாரு.

அதனால படிப்ப விட்டா தான் ஃபுட்பால்னு பையன் சொல்றது ஜெர்மனி நிலவரத்துக்கே பொருந்தாது. 2000 யூரோ கப்ல ஜெர்மனி முதல் ரவுண்டுலயே வெளிய போன அதிர்ச்சியில தான் இங்க எல்லாத்தையும் மாத்துனாங்க, புந்தஸ்லிகா கிளப்புகள் யூத் அகாடமி நடத்தியே ஆகணும்னு லைசன்ஸ் விதியாவே வந்துச்சு, அதுகூடவே ஸ்கூலோட சேந்து வேலை பாக்கணும்ங்கறதும் வந்துச்சு. எலீட்டஷூல டெஸ் ஃபுஸ்பால்ஸ்னு (ஃபுட்பால் எலீட் ஸ்கூல்) தனியா அங்கீகாரம் கொடுத்த ஸ்கூல்கள் இருக்கு, அங்க காலைல ட்ரெயினிங்குக்கு விடுவாங்க, டூர் போனா விட்ட பாடத்த எடுத்துக் கொடுப்பாங்க. கிளப்பே ஸ்கூல விடச் சொல்லலன்னா நம்ம பையன் எதுக்கு விடணும்? கிம்னாசியும் உண்மையிலயே பாரமா இருந்தா ரியல்ஷூல (பத்தாவதோட முடியுற ஸ்கூல்) முடிச்சு ஆஸ்பில்டுங் (தொழில் பயிற்சி) பக்கம் போறதும் கௌரவமான வழி தான், ஃபிசியோதெரபி 3 வருஷ ஆஸ்பில்டுங், ஃபுட்பால விட்டு தூரமும் போக மாட்டான். டாக்டர் இஞ்சினியர் இல்லன்னா வாழ்க்கையே போச்சுன்னு நம்ம வீட்டுல பேசுற பேச்ச மட்டும் அவன் காதுல போடாதீங்க அக்கா, அந்தப் பேச்சுல இருந்து தப்பிக்கத்தான் பாதி பசங்க ஸ்கூலயே வெறுக்குறாங்க.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு, எனக்கு இதுதான் பெரிய கவலை.

2018 மார்ச்ல, லண்டன் கிளப் அர்செனல்ல கடைசி சீசன் ஆடிட்டு இருக்கும்போதே, மெர்டசாக்கர் ஷ்பீகல் பத்திரிகைக்கு ஒரு பேட்டி கொடுத்தாரு. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னாடி வயிறு கலங்கி வாந்தி வர்ற மாதிரி ஆகும், காலைல இருந்து திரும்பத் திரும்ப டாய்லெட் ஓடணும்னு சொன்னாரு. இது சின்ன வயசு பதட்டம் இல்ல, 500 மேட்ச்சுக்கு மேல ஆடுன, வேர்ல்ட் கப் ஜெயிச்ச ஆளு சொன்னது. 2006ல சொந்த நாட்டுல நடந்த வேர்ல்ட் கப் செமிஃபைனல்ல இத்தாலிகிட்ட தோத்தப்ப நாடே அழுதுச்சு, இவருக்கும் வருத்தம் தான், ஆனா அதவிட அப்பாடா முடிஞ்சுதுன்ற நிம்மதி தான் பெருசா இருந்துச்சுன்னாரு. அடி பட்டா தான் ரெஸ்ட் கிடைக்கும்ங்குற அளவுக்கு இருந்திருக்கு. இதக் கேட்டு லோதர் மத்தேயுஸ் மாதிரி பழைய ஜெர்மனி ப்ளேயருங்க, இப்படி பேசுறவரு நாளைக்கு சின்னப் பசங்களுக்கு எப்படி வழிகாட்டுவாருன்னு விமர்சனம் பண்ணாங்க. என்னப் பொறுத்தவரைக்கும் இப்படி வாய் திறந்து சொல்ற ஆளு தான் பசங்க பக்கத்துல இருக்கணும். மெர்டசாக்கரோட ஹானோவர்லயும் நேஷனல் டீம்லயும் ஆடுன கோல்கீப்பர் ராபர்ட் என்கே 2009 நவம்பர்ல டிப்ரெஷனால உயிர மாய்ச்சுக்கிட்டாரு, வெளிய யாருக்கும் தெரியாம வருஷக்கணக்கா மறைச்சு வெச்சிருந்தாரு. அவர் பேர்ல இருக்குற ஃபவுண்டேஷன் உங்க ஊர் பக்கத்துல தான் இருக்கு, விளையாட்டுக்காரங்களோட டிப்ரெஷனுக்காகவும் வேலை பாக்குறாங்க.

அதனால பையன் வீட்டுக்கு வந்ததும் கோல் விட்டியா ஜெயிச்சியான்னு கேக்காதீங்க, சனிக்கிழமை காலைல சாப்பிடுறானா, முந்தின நாள் ராத்திரி தூங்குறானா, மேட்ச் கேன்சல் ஆனா மூஞ்சில வருத்தம் தெரியுதா நிம்மதி தெரியுதான்னு பாருங்க. கொஞ்சம் பதட்டம் எல்லாருக்கும் இருக்கும். தொடர்ந்து நிம்மதி தான் தெரியுதுன்னா உக்கார வெச்சு பேசுங்க, தேவைப்பட்டா ஸ்போர்ட்ஸ் சைக்காலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, பெஞ்சுல உக்கார்றதும் இந்த வேலைல ஒரு பாதி. 2014 வேர்ல்ட் கப்ல அல்ஜீரியா மேட்ச் வரைக்கும் முதல் பதினொண்ணுல இருந்த மெர்டசாக்கர ஃபிரான்ஸ் மேட்ச்ல இருந்து வெளிய வெச்சுட்டாங்க, ஃபைனல்ல கடைசி நிமிஷத்துல தான் இறங்குனாரு. 2016-17 சீசன்ல அர்செனல் கேப்டனா இருந்தும் முட்டி காயத்தால கிட்டத்தட்ட வருஷம் முழுக்க வெளிய, அந்த சீசன்ல முதல் தடவையா ஸ்டார்ட் பண்ணதே 2017 மே 27 எஃப்ஏ கப் (இங்கிலாந்து கிளப்புகளோட நாக்அவுட் கப்) ஃபைனல் தான், செல்சிய 2-1ன்னு ஜெயிச்ச அந்த மேட்ச்ல பிரமாதமா ஆடுனாரு. ஆடாத நாள்லயும் தயாரா இருக்கத் தெரியணும். உங்க பையன் இந்தப் பாதி சீசன் எப்படி உக்காந்திருந்தான்? ட்ரெயினிங் போயி ஓரமா நின்னு பாத்தானா, இல்ல ரூம்ல ஃபோனோட கிடந்தானா? எந்த ட்ரையல் ரிசல்ட்டவிடவும் இது உங்களுக்கு அவனப் பத்தி நிறைய சொல்லும்.

அப்புறம் எல்லாம் நல்லபடியா போனாக்கூட 33 வயசுல மெர்டசாக்கருக்கு ஆட்டம் முடிஞ்சுது, 2018லயே அர்செனல் அகாடமி மேனேஜரா வேலைக்குச் சேந்தாரு. ஆடுறதுக்கு அப்புறம் இன்னும் 30 வருஷம் வேலை செய்யணும் அக்கா, அதுக்கு படிக்க, எழுத, நாலு பேர் முன்னாடி நின்னு பேசத் தெரியணும். அது மட்டுமில்ல, பெரும்பாலான பசங்க இவ்வளவு தூரமே போறதில்ல. மூணாவது டிவிஷனுக்குக் கீழ இருக்குற ரெகியோனால்லிகாங்குற நாலாவது டிவிஷன்ல நிறைய பேர் வேலையோ படிப்போ பாத்துக்கிட்டே தான் ஆடுறாங்க, அதுவும் நல்ல வாழ்க்கை தான், கையில சர்டிஃபிகேட் இருந்தா.

அடுத்த வாரம் அகாடமில கூப்பிட்டிருக்காங்கன்னீங்க. போகும்போது பையனையும் கூட வெச்சுக்கிட்டே கேளுங்க: போன மூணு வருஷத்துல இங்க இருந்து வெளிய போன பசங்க இப்ப என்ன பண்றாங்க, ஸ்கூலோட பேசுறதுக்குன்னு ஒரு ஆள் இருக்காரா, மார்க் குறைஞ்சா ட்ரெயினிங் குறைப்பீங்களா, முட்டிய யாரு பாப்பாங்க, வளர்ச்சி நிக்கிற வரைக்கும் ட்ரெயினிங் லோடு எப்படி வெப்பீங்க, சைக்காலஜிஸ்ட் இருக்காரா, சேத்துக்கலன்னா காரணத்த அவன்கிட்டயே நேர்ல சொல்லுவீங்களா. முதல் கேள்விக்கு பதில் மழுப்புனா யோசிங்க. ஏதாவது பேப்பர் நீட்டுனா அங்கயே கையெழுத்துப் போடாதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஸ்போர்ட்ஸ் கான்ட்ராக்ட் தெரிஞ்ச வக்கீல்கிட்ட காட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஆர்த்தோபீட் (எலும்பு டாக்டர்) கிட்ட கூட்டிட்டுப் போயி முட்டிய முழுசா பாத்துடுங்க, அந்த ரிப்போர்ட்டும் அவனோட கடைசி ஸ்கூல் ரிப்போர்ட்டும் அனுப்புங்க, கிம்னாசியுமா வேற வழியான்னு அத வெச்சு தான் பேச முடியும்.