பத்திரச் செலவு ஒரு லட்சமா?

நிலம் வாங்கப் பத்திர எழுத்தர் ஒரு லட்சம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு லட்சத்தில் அரசுக்குப் போவது 72,000 தான். உங்கள் 2 மா (66 சென்ட்) நஞ்சையின் விலை 8 லட்சம் என்றீர்கள்; தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கணினிக் கட்டணம், உட்பிரிவு என்று இன்னும் சில நூறுகள். மீதி கிட்டத்தட்ட 28,000 எழுத்தர் கூலியும், 'மேல்செலவு' என்று இழுக்கிறார்களே, அதுவும்.

எழுத்தர் நில மதிப்பில் சதவீதம் போட்டிருப்பார். 8 லட்சமோ 80 லட்சமோ, எழுதுவது அதே நாலு பக்கம்தான். மன்னார்குடியில் என்னிடமும் ஒருவர் துண்டுச்சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதி நீட்டினார். பிரித்து எழுதுங்கள் என்றதும் தானாகவே 9,000 இறங்கியது.

அரசுப் பணத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே கட்டிவிடுங்கள். அப்புறம் கூலியை மட்டும் பேசுங்கள், ரசீதோடு.

ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: வழிகாட்டி மதிப்பு, அதாவது அந்த நிலத்துக்கு அரசு வைத்திருக்கும் விலை, 8 லட்சத்தைத் தாண்டினால் கணக்கு அதன்மேல்தான். நாம் மாவில் பேசுவோம், பதிவுத்துறை தளத்தில் ஏக்கர். 1 மா 33 சென்ட். அங்கே சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள். 10 லட்சத்துக்குள் இருந்து மனைவி பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம், அதாவது 8 லட்சத்துக்கு 8,000 குறையும்.