கார் கேள்வி - பதில்: பம்ப் மாற்றியதும் ஹீட்டர் படுத்துவிட்டது!

கேள்வி: ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார். வாட்டர் பம்ப் கசிந்ததால் போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் மாற்றினார்கள், கூலன்ட்டும் புதிது. அன்றிலிருந்து ஹீட்டரில் சில்லென்று காற்று வருகிறது. மேடு ஏறும்போது கொஞ்சம் சூடு தெரியும், வண்டி நின்றதும் போய்விடும். டாஷ்போர்டுக்குள் களக் களக்கென்று சத்தம் வேறு. ஹீட்டர் கோர் போய்விட்டது, டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். கழற்றலாமா? - வாசகர், ஊட்டி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் ஏர் லாக்கையே, அதாவது கூலன்ட் பாதையைக் காற்று அடைத்திருப்பதையே காட்டுகின்றன. ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜினைச் சுற்றிவரும் சூடான கூலன்ட்தான் டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்கும் போகிறது. அதுதான் ஹீட்டர் கோர். பம்ப் மாற்ற கூலன்ட்டை வடித்தபோது அதில் காற்று புகுந்து தங்கிவிட்டது. ஐட்லிங்கில் பம்ப் தள்ளும் வேகம் அந்தக் காற்றை நகர்த்தப் போதாது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கொஞ்சம் கூலன்ட் கடந்து போகும், மேட்டில் சூடு வருவது அதனால்தான். கோரே ஒழுகினால் முன்சீட்டின் கால் பக்கம் விரிப்பு நனையும், கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் படியும், தித்திப்பு வாடை அடிக்கும்.

காற்றை நீங்களே எடுக்கலாம். காலையில், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது செய்யுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கட்டும் (ஊட்டியில் சரிவுக்கா பஞ்சம்!). ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மூடியைத் திறந்து கழுத்துவரை கூலன்ட் ஊற்றுங்கள். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி, புளோயரை 1-இல் வைத்து, ஏசியை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் வர வர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். கையுறையோடு ரேடியேட்டரின் மேல் ஹோஸை மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் சீக்கிரம் வெளியேறும். ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றும், விரல் பத்திரம்.

ஃபேன் ஓடும்வரை மூடியைத் திறந்தே வை என்பார்கள். சமவெளியில் அது சரி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே வெறும் தண்ணீர் 92-93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட் கலவை இன்னும் சில டிகிரி தாங்கும், அவ்வளவே. ஃபேன் ஓடும்வரை திறந்தே வைத்தால் அதற்குள் கொதித்துப் பொங்கிவிடலாம். மேல் ஹோஸ் சூடாகி, குமிழிகள் குறைந்ததும் மூடிவிடுங்கள். பிறகு 2,000-2,500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். காற்று வெளியேறியிருந்தால் ஹீட்டரில் சூடு வந்துவிடும். மறுநாள் காலை மட்டம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். ரிசர்வ் டப்பாவில் இரு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். சில கார்களில் ரேடியேட்டருக்கு மூடியே இருக்காது, டப்பாவின் மூடிதான். அவற்றில் காற்றெடுக்கத் தனி ஸ்குரூ இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

அப்படியும் குளிர்காற்றுதானா? இன்ஜின் சூடாக இருக்கும்போது, டாஷ்போர்டுக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் கூலன்ட் ஓட்டம் சரி. குமிழின் கேபிள் கழன்றிருக்கலாம், காற்றைத் திருப்பும் தகடு நகராமல் இருக்கலாம். ஒன்று சுட்டு மற்றது ஜில்லென்றிருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது காற்று இன்னும் உள்ளேயே இருக்கிறது. காற்றை எடுக்க எடுக்கக் குமிழி வந்துகொண்டே இருந்து, கூலன்ட்டும் குறைந்தால், ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கார் சூடாகாமல் இருக்க தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார் மெக்கானிக். இப்போது ஹீட்டர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. - வாசகர், கோத்தகிரி

பதில்: திரும்பப் போடச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கான வழியை மூடி வைத்திருக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்கே ஓடும், மலைக்குளிரில் இன்ஜின் தன் சூட்டையே எட்டாது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். பழையது நல்லதா என்று பார்க்க, நூலில் கட்டி, அடி தொடாமல், தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியில் திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்க 95 வரை ஆகலாம். உங்கள் ஊர்த் தண்ணீர் அதற்கு முன்பே கொதித்துவிடும். ஆகவே பாதி திறந்ததைப் பார்த்துப் பழுது என்று தூக்கிப் போடாதீர்கள். மாட்டும்போது விளிம்பில் ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம் இருக்கட்டும், காற்று வெளியேறும் வழி அதுதான்.

கேள்வி: கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா? - வாசகர், குன்னூர்

பதில்: வழியில் தவித்தால் மட்டும். அதன் உப்பு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். அடர் கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்பதில் எதுவும் சேர்க்க வேண்டாம். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். தித்திப்பு என்று நாய் நக்கும், அதற்கு அது விஷம்.