வாசகர் கேள்வி–பதில்: ஏலம் எடுத்தவர் தகராறு செய்தால்

அஞ்சல்தலை, நாணயம் போன்ற சேகரிப்புப் பொருள்களை இணைய ஏலத்தில் விற்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: ஈபேயின் வெளிநாட்டுத் தளத்தில் பழைய இந்திய அஞ்சல்தலைகளை ஏலத்தில் விற்று வருகிறேன். 1948ஆம் ஆண்டு வெளியான காந்தியடிகள் வரிசையின் பத்து ரூபாய்த் தலையை இங்கிலாந்தைச் சேர்ந்த ஒருவர் ஏலம் எடுத்தார். பொருள் கிடைத்த பிறகு, பின்பக்கப் பசை பழுப்பேறியிருப்பதாகக் கூறி, பாதித் தொகையைத் திருப்பித் தராவிட்டால் மோசமான பின்னூட்டம் இடுவேன் என்று எழுதுகிறார். நான் முன்பக்கப் படத்தை மட்டுமே வெளியிட்டு, ‘புதியது, ஒட்டுத்தடம் இல்லாதது’ (அதாவது ஆல்பத்தில் ஒட்டிய தடம் பின்பக்கம் இல்லாதது) என்று குறிப்பிட்டிருந்தேன். இப்போது என்ன செய்வது?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அவருடைய கடிதத்தில் ஒரு குறைபாடும் ஒரு மிரட்டலும் கலந்திருக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்துத் தனித்தனியே கையாள வேண்டும்.

முதலில் குறைபாடு. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பல ஆண்டுகள் இருந்த அஞ்சல்தலையின் பசை பழுப்பேறுவது இயல்பு என்பதால், இங்குள்ள சேகரிப்பாளர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குளிர்நாட்டில் உள்ள ஒருவருக்கோ ‘புதியது’ என்ற சொல்லுக்குப் பசையும் வெண்மையாக இருக்கும் என்பதே பொருள். பின்பக்கப் படம் இல்லாத நிலையில், பொருள் விவரித்தபடி இல்லை என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்வதால் உங்கள் கை தாழ்ந்துவிடாது.

ஆகவே பாதித் தொகைக்கு உடன்படாமல், பொருளைத் திருப்பி அனுப்பினால் முழுத் தொகையையும் தருவதாக எழுதுங்கள். பசை உண்மையிலேயே உறுத்துகிற சேகரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். தள்ளுபடியை மட்டும் எதிர்பார்ப்பவர் பெரும்பாலும் அந்தத் தலையை விட்டுக்கொடுக்க மாட்டார். ‘பசையின் நிறத்தைக் குறிப்பிடாதது குறைதான், வருந்துகிறேன். தளத்தின் வழியே திருப்பியனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். பொருள் வந்து சேர்ந்ததும் முழுத் தொகையும் திருப்பி அளிக்கப்படும்’ என்ற அளவில் கடிதம் இருந்தால் போதும். விவரித்தபடி இல்லை என்ற காரணத்தால் பொருள் திரும்பும்போது அதற்கான அஞ்சல் செலவு விற்பவரைச் சேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கோரிக்கை பதிவானால் மூன்று வேலை நாள்களுக்குள் பதில் அளித்துவிட வேண்டும். அதைத் தாண்டினால், தளமே தலையிட்டுத் தீர்ப்பளிக்கும்படி வாங்கியவர் கேட்க முடியும். கோபம் தணியட்டும் என்று பதில் எழுதாமல் இருப்பதுதான் இதுபோன்ற விவகாரங்களில் விற்பவரை அதிகமாகப் பாதிக்கிறது.

அடுத்து மிரட்டல். பின்னூட்டத்தைக் காட்டிப் பணமோ சலுகையோ கேட்பதை ஈபேயின் விதிகள் தடை செய்கின்றன. அவர் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதியிருந்தால் அந்தச் செய்தியே உங்களுக்குச் சான்று. அதைச் சுட்டிக்காட்டிப் புகார் அளியுங்கள். ஆனால் அவருக்கு எழுதும் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் பேசலாம் என்று அவர் அழைத்தாலும் போகாதீர்கள். தளத்துக்கு வெளியே பேசியவற்றைச் சான்றாகக் காட்டுவது மிகக் கடினம்.

இந்த ஏற்பாடு முழுவதும் வாங்குபவருக்கே சாதகமாக இருக்கிறது என்ற மனக்குறை விற்பவர்களிடம் பரவலாக உண்டு. 2008ஆம் ஆண்டு வரை இரு தரப்பினரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எதிர்மறைப் பின்னூட்டம் இட முடிந்தது. பழிவாங்கும் பின்னூட்டத்துக்கு அஞ்சி வாங்குபவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்கியதால், விற்பவர் வாங்குபவருக்கு நல்ல பின்னூட்டம் மட்டுமே இட முடியும் என்று அவ்வாண்டு விதி மாறியது. முகம் தெரியாத ஒருவருக்கு முன்கூட்டியே பணம் அனுப்புபவரின் அச்சத்தை நினைத்துப் பார்த்தால், அந்த மாற்றம் சரியென்றே எனக்குப் படுகிறது. அவர் மோசமாகவே எழுதிவிட்டாலும், அதன் கீழே பதில் எழுத உங்களுக்கு இடம் உண்டு. ‘முழுத் தொகையுடன் திரும்பப் பெற முன்வந்தோம்’ என்ற ஒரே வரியை அமைதியாக எழுதுங்கள். அடுத்து வாங்க வருபவர் அதைத்தான் படிப்பார்.

பொருள் திரும்பி வரும்போது அது நீங்கள் அனுப்பிய அதே தலைதானா என்று பார்க்க வேண்டும். காந்தியடிகள் வரிசையின் பத்து ரூபாய்த் தலைக்குப் போலிகள் ஏராளம் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை. அசல் தலை சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவ்யூர் முறையில், அதாவது படத்தை நுண்புள்ளிகளாகத் தகட்டில் குழித்து அச்சிடும் முறையில், அச்சிடப்பட்டது. இனிமேல் அனுப்புவதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரங்களின் துளைப்பற்கள் (தலையைக் கிழித்தெடுக்க இட்ட துளைகளால் ஓரத்தில் அமைந்த பற்கள்), அச்சின் நுண்புள்ளிகள் ஆகியவற்றை அதிகத் துல்லியத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தின் அகலமும் பற்களின் அமைப்பும் தலைக்குத் தலை மாறுபடுவதால், மாற்றி அனுப்பினால் கண்டுகொள்ளலாம். விலை மிகுந்த தலை என்றால், லண்டனின் ராயல் ஃபிலடெலிக் சொசைட்டி போன்ற அமைப்பின் நிபுணர் குழுவிடம் சான்றிதழ் பெற்றபின் ஏலத்துக்குக் கொண்டுவருவது, அசலா போலியா என்ற வாக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடும்.

கேள்வி: ஏலத்தில் வென்றவர் பணமும் செலுத்தவில்லை, பதிலும் எழுதவில்லை. எத்தனை நாள் காத்திருப்பது?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஈபேயில் நான்கு நாள்கள். இடையில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். ஐந்தாம் நாள் முதல், பணம் செலுத்தப்படவில்லை என்ற காரணத்தையே குறிப்பிட்டு விற்பனையை ரத்து செய்யலாம். இரக்கப்பட்டு வேறு காரணத்தைக் குறிப்பிடாதீர்கள், ஏனெனில் இந்தக் காரணம் பதிவானால்தான் அது அவருடைய கணக்கில் சேரும். பணம் செலுத்தாத வரலாறு உள்ளவர்கள் உங்கள் ஏலங்களில் பங்கேற்காதபடி தடுக்கும் வசதியும் அமைப்புகளில் இருக்கிறது. பொருளை மறுபடியும் ஏலத்தில் விடுவதற்கு முன், அடுத்த நிலையில் கேட்டிருந்தவருக்கு அவர் கேட்ட விலையிலேயே ‘இரண்டாம் வாய்ப்பு’ அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள 1835ஆம் ஆண்டின் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு ரூபாய் நாணயத்தை, உள்நாட்டு ஏலக் குழு ஒன்றில் பார்த்த வெளிநாட்டவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்று எழுதிக் குறைந்த மதிப்பைப் போடும்படி வற்புறுத்துகிறார். மறுத்தால் கோபிக்கிறார்.
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அவர் எவ்வளவு கோபித்தாலும் மறுத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டத்தின்படி நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயமும் தொல்பொருளே. அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். படிவத்தில் எதை எழுதினாலும் இது மாறாது, பொய்யான உறுதிமொழி என்ற இன்னொரு குற்றமும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். படிவத்தில் கையெழுத்திடுபவர் நீங்கள்தான், வழக்கு வந்தாலும் உங்கள் மீதே வரும். இந்தியாவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே விற்கப்படும் என்பதை ஏல விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

இச்சட்டத்தின் வரம்புக்குள் வராத பொருளை அனுப்பும்போதும் அன்பளிப்பு என்று எழுதுவது தவறு. குறைந்த மதிப்பைப் போட்டு அனுப்பிய பொட்டலம் வழியில் தொலைந்தால், இழப்பீடு கேட்கும்போது நீங்கள் எழுதிய அந்த மதிப்பே உங்களுக்கு எதிராக நிற்கும். இறக்குமதி வரி வாங்குபவரின் பொறுப்பு என்றால், ஏலம் தொடங்கும் முன்பே விவரணையில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் ஏலக் குழுவில் என் பொருளை எடுத்தவர், பணம் அனுப்ப ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து என் யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடச் சொல்கிறார். தயங்கினால் ‘நம்பிக்கை இல்லாதவர்’ என்று குழுவில் எழுதுகிறார்.
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. அந்த எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறும். இவர் வாங்க வந்தவர் அல்லர். குழுவின் நிர்வாகியிடம் உடனே தெரிவியுங்கள். அவருடைய செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவை அழைத்துவிட்டு வங்கிக்கும் தகவல் கொடுங்கள். எவ்வளவு விரைவில் அழைக்கிறீர்களோ, அந்தத் தொகை வேறு கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கப்படும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.